கட்டிலை நனைக்கும் கடுவன் பூனை: கோபமா, நீர்க்கடுப்பா?

மிருக வைத்தியரின் பதில்

உப்புவெளியில் இருந்து ஒரு வாசகி எழுதியிருக்கிறார். அவருடைய கடுவன் பூனைக்கு வயது நான்கு, எடை ஐந்து கிலோவுக்குச் சற்றுக் கூட. ஒரு வயதிலேயே கருத்தடை செய்தாயிற்று. வீட்டில் எல்லோரும் குட்டியன் என்று கூப்பிடுகிறார்கள். மகளின் சாமத்திய வீட்டுக்காகச் சுவருக்குப் பெயின்ற் அடித்தபோது, பின் விறாந்தையில் இருந்த அவனுடைய மண் பேசினை உடுப்புத் தோய்க்கும் மெஷினுக்குப் பக்கத்தில் மாற்றியிருக்கிறார்கள். பிறகு ஒரு கிழமையாக வீடு நிறையச் சனம், ஸ்பீக்கர் சத்தம். அதே மாதத்தில் மகள் மீன் சந்தையடியில் கிடந்த ஒரு பெட்டைக் குட்டியையும் தூக்கிக்கொண்டு வந்துவிட்டாள். இப்போது மூன்று கிழமையாகக் குட்டியன் கட்டிலிலும் தலையணையிலும் குளியலறையில் தண்ணீர் போகும் ஓட்டையடியிலும் சலம் விடுகிறான். இரண்டு தடவை மண்ணில் நெடுநேரம் குந்தியிருந்து கத்தியிருக்கிறான். கடைசித் தடவை சொட்டுச் சொட்டாக, இளஞ்சிவப்பாக வந்ததாம். மலச்சிக்கல் என்று நினைத்து சிரிஞ்சால் தேங்காய் எண்ணெய் பருக்கியிருக்கிறார்கள்.

வீட்டில் ஆளுக்கொரு கருத்து. குட்டியைக் கொண்டுவந்ததற்கு அவன் பழிவாங்குகிறான் என்கிறார் அம்மா. சாக்கில் போட்டுச் சந்தையடியில் விட்டுவிடலாம் என்கிறார் தம்பி. பக்கத்து வீட்டு அக்கா அரைப் பனடோலும் இளநீரும் கொடுக்கச் சொல்கிறார். நலமடித்ததால்தான் இது வந்தது என்று இன்னொருவர். கிணற்றுத் தண்ணீர் சவர், கேத்திலில் வெள்ளையாகப் படிகிறது, அதனால் கல் வந்துவிட்டதோ என்பது வாசகியின் சொந்தப் பயம். சாப்பாடு காலையில் கடையில் வாங்கும் உலர் உணவு, மத்தியானம் அவித்த சூடை மீனும் சோறும், இடைக்கிடை கருவாடு, இரவில் பால்மா கரைத்த பால். இது குணமா வருத்தமா, இனி என்ன செய்வது என்று கேட்கிறார்.

அன்புள்ள சகோதரிக்கு,

கட்டிலைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறீர்கள். எனக்குப் பெரிதாகப் படுவது நீங்கள் ஒரே வரியில் எழுதிவிட்டுப் போன விஷயம்தான். மண்ணில் குந்தியிருந்து கத்தினான், சொட்டுச் சொட்டாக வந்தது, நிறம் மாறியிருந்தது. இதை மலச்சிக்கல் என்று நினைப்பது வழமை, ஏனென்றால் இரண்டுக்கும் பூனை ஏறக்குறைய ஒரே மாதிரித்தான் குந்தும். ஆனால் நீங்கள் சொல்லும் அறிகுறிகள் நீர்க்கடுப்பின் அறிகுறிகள். சலப்பையிலோ சலவழியிலோ அவனுக்கு நோ இருக்கிறது. கட்டில், தம்பி, குட்டி, தண்ணீர் எல்லாவற்றுக்கும் வருகிறேன். அதற்கு முன்னால் ஒன்றை நீங்கள் பார்த்தே ஆகவேண்டும்: அவனுக்குச் சலம் போகிறதா, இல்லையா?

இன்றைக்கே பார்க்க வேண்டியது

பெட்டைப் பூனையின் சலவழி கட்டையானது, அகலமானது. கடுவனுக்கு அது நீளமாக வந்து நுனியில் ஏறக்குறைய ஒரு மில்லிமீற்றர் அளவுக்கு ஒடுங்கிவிடும். சலப்பை புண்பட்டிருக்கும்போது வரும் கோழையும், சலத்தில் படியும் பளிங்குத் துணிக்கைகளும் சேர்ந்து அந்த ஒடுக்கத்தை அடைத்துக்கொள்ளும். முழுதாக அடைபட்டால் சிறுநீரகம் வெளியே தள்ள வேண்டிய கழிவுகள் இரத்தத்திலேயே தங்கும். அதில் பொல்லாதது பொற்றாசியம். அது கூடினால் இதயத் துடிப்பு மெதுவாகி, தாறுமாறாகி, நின்றுவிடும். அடைபட்ட பூனையின் நிலை 24 மணித்தியாலத்திலிருந்து 48 மணித்தியாலத்துக்குள் மிக மோசமாகும். வைத்தியம் செய்யாவிட்டால் மூன்றாம் நாளைத் தாண்டுவது அரிது.

ஆகவே இன்றைக்குக் குட்டியனைத் தனியாக ஓர் அறையில் வையுங்கள். தண்ணீரும் சாப்பாடும் வைத்து, ஒரு பேசினில் மணலுக்குப் பதிலாகக் கிழித்த வெள்ளைத் தாள் போடுங்கள். மணல் சலத்தை உறிஞ்சி மறைத்துவிடும், தாளில் அளவும் நிறமும் தெரியும். வெளியே விடாதீர்கள், விட்டால் வளவில் எங்கே போனான், போனானா என்றே தெரியாது. வளர்ந்த பூனை சாதாரணமாக ஒரு நாளைக்கு இரண்டிலிருந்து நான்கு தடவை சலம் விடும். ஒவ்வொரு தடவையும் உங்கள் உள்ளங்கை அளவுக்காவது தாள் நனைய வேண்டும். அடிக்கடி போய் ஒரு ரூபாக் குற்றி அளவுதான் நனைகிறது, ஆனால் போகிறது என்றால் முழுதாக அடைபடவில்லை, ஆனாலும் எந்நேரமும் அடைபடலாம். அன்றைக்கே வைத்தியரிடம் காட்டுங்கள், அதுவரை கண்காணிப்பை விடக் கூடாது.

கீழே சொல்வதில் ஏதாவது ஒன்று தெரிந்தால் விடியட்டும் என்று காத்திராதீர்கள்:

பல தடவை குந்தி முக்கியும் தாள் நனையவே இல்லை. ஒளிந்து கிடக்கிறான், சாப்பாட்டைப் பார்க்கிறானில்லை, சத்தி எடுக்கிறான். சலம் வரும் உறுப்பின் நுனியை ஓயாமல் நக்குகிறான், அது சிவந்தோ ஊதாவாகவோ வெளியே நீட்டிக்கொண்டு இருக்கிறது. பின்கால்களுக்கு முன்னால் அடிவயிற்றை இரண்டு விரலால் மெல்லத் தொட்டால் பெரிய தேசிக்காய் போல ஒன்று இறுக்கமாகத் தட்டுப்படுகிறது, அவன் உடனே சீறுகிறான்.

தொட்டுப் பார்க்கலாம், அமுக்கக் கூடாது. நிரம்பி விறைத்த சலப்பை அமுக்கினால் கிழிந்துவிடும். கத்திக் கத்திக் களைத்த பூனை பிறகு சத்தம் போடாமல் படுத்தால் சிலர் அமைதியாகிவிட்டான் என்று ஆறுதல் அடைகிறார்கள். சலம் போகாமல் அமைதியானால் அது இரத்தத்தில் நஞ்சு ஏறியதன் அடையாளம். உடம்பு குளிர்ந்தும் இருந்தால் நேரம் மணித்தியாலக் கணக்கில்தான் இருக்கிறது.

அம்மா சொல்வதில் பாதி சரி

பூனை பழிவாங்குவதற்காகச் சலம் விடுவதில்லை. ‘இவள் செய்ததற்கு நான் இதைச் செய்கிறேன்’ என்று கணக்குத் தீர்க்கும் மனம் அதற்குக் கிடையாது. ஆனால் குட்டி வந்ததற்கும் இதற்கும் தொடர்பு இருக்கிறது என்று அம்மா கண்டது உண்மை. பத்து வயதுக்குக் குறைந்த பூனைகளுக்கு வரும் நீர்க்கடுப்பில் பெரும்பாலானவற்றுக்குக் கல்லும் காரணமில்லை, கிருமியும் காரணமில்லை. சலப்பையின் உட்தோல் அழன்று, நோவும் இரத்தக் கசிவும் வருகிறது. மன நெருக்கடி, அசையாத வாழ்க்கை, கூடின எடை, குறைந்த தண்ணீர் ஆகியவை அதைத் தூண்டுகின்றன. உங்கள் வீட்டில் ஒரே மாதத்தில் பெயின்ற் மணம், அந்நியர், ஸ்பீக்கர், இடம் மாறிய மண் பேசின், புதுக் குட்டி எல்லாம் வந்துவிட்டன. பூனைக்குத் தன் வீடு முழுவதும் தன்னுடைய மணத்தால் அடையாளம் போட்ட இடம். அந்த அடையாளத்தின் மேல் பெயின்ற் அடித்துவிட்டோம், பிறகு இன்னொரு பூனையையும் கொண்டுவந்து விட்டோம்.

இனி கட்டில். மண்ணில் குந்தும்போது நோகிறது. நோவுக்குக் காரணம் சலப்பை என்று அவனுக்குத் தெரியாது, மண் பேசின்தான் நோகவைக்கிறது என்று நினைத்து வேறு இடம் தேடுகிறான். குளியலறைத் தரை குளிர்ச்சியும் வழுவழுப்பும், அழன்றிருக்கும் பூனைகள் அப்படிப்பட்ட இடங்களை விரும்பிப் போகும். கட்டில் மெத்தென்று இருக்கிறது, உங்கள் மணமும் அதில் இருக்கிறது. பயந்த பூனைக்கு அது நம்பிக்கையான இடம். மூக்கைக் கொண்டுபோய் அதில் தேய்ப்பது, அடிப்பது, தண்ணீர் தெளிப்பது எல்லாம் பயத்தைக் கூட்டும், பயம் நீர்க்கடுப்பைக் கூட்டும். அதை யாராவது செய்திருந்தால் இன்றோடு நிறுத்தச் சொல்லுங்கள்.

கடுவன்கள் எல்லை போடுவது வேறு. அப்போது பூனை நின்றபடி, வாலை உயர்த்தி நடுங்கவைத்து, சுவரிலோ கதவிலோ கொஞ்சமாகப் பீச்சும். குந்தி, தரையோடு விடுவது அதில் சேராது. கருத்தடை செய்தால் பத்தில் ஒன்பது கடுவன்கள் பீச்சுவதை நிறுத்திவிடும்.

இனி நலமடித்ததால் வந்ததா என்ற கேள்வி. கருத்தடை செய்த கடுவன்களிடம் இந்த வருத்தம் கூடுதலாகக் காணப்படுவது உண்மைதான். ஒப்பரேஷன் சலவழியை ஒடுக்கிவிடுகிறது என்பது பழைய நம்பிக்கை, அது சரியில்லை. ஒப்பரேஷனுக்குப் பிறகு பசி கூடுகிறது, அலைச்சல் குறைகிறது, எடை ஏறுகிறது. தவறு சாப்பாட்டுக் கோப்பையில்தான். குட்டியனின் விலா எலும்பு விரலுக்குத் தட்டுப்படாமல் வயிறு தொங்கினால் அவனும் அந்த வகை.

கொடுக்கக் கூடாதவை

பனடோல் இன்னும் கொடுக்கவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள், அதைப் படித்தபோது நிம்மதியாக இருந்தது. பரசிட்டமோலை உடைத்து வெளியேற்றும் நொதியம் பூனையின் ஈரலில் மிகக் குறைவு. மருந்து உடம்பில் நஞ்சாக மாறி, இரத்தம் ஒட்சிசனைக் கொண்டுபோக முடியாமல் செய்துவிடும். முரசு கபில நிறமாகும், முகமும் பாதங்களும் வீங்கும், மூச்சு வாங்கும். 500 மில்லிகிராம் பனடோலில் பாதி என்றால் ஐந்து கிலோப் பூனைக்குக் கிலோவுக்கு 50 மில்லிகிராம். கிலோவுக்குப் பத்து மில்லிகிராமிலேயே நஞ்சேறிய பூனைகள் இருக்கின்றன. யாராவது அறியாமல் கொடுத்துவிட்டால் வாந்தி எடுக்கவைக்க மினக்கெடாமல் நேரே வைத்தியரிடம் ஓடுங்கள், மாற்று மருந்து இருக்கிறது, சுணங்கினால் பலிக்காது. ஐபுபுரூபன், டைக்ளோபெனக் போன்ற மனிதர்களின் நோ மாத்திரைகளும் வேண்டாம், அவை சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

இளநீர் நமக்கு நீர்க்கடுப்புக்கு நல்ல மருந்துதான். அதில் 100 மில்லிலீற்றரில் சுமார் 250 மில்லிகிராம் பொற்றாசியம் இருக்கிறது. அடைபட்ட கடுவனைக் கொல்வது இரத்தத்தில் ஏறும் பொற்றாசியம் என்று மேலே சொன்னேன். அடைப்பு இருக்கிறதா இல்லையா என்று தெரியாத பூனைக்கு இளநீர் பருக்குவது எரிகிற இடத்தில் எண்ணெய் விடுவதுதான். பார்லித் தண்ணீர், நெருஞ்சிக் கஷாயம் எல்லாவற்றுக்கும் இதே பதில். வாய்க்கால் அடைபட்டிருக்கும்போது மேலே இருந்து தண்ணீரைக் கூட்டினால் சலப்பைதான் இன்னும் விறைக்கும்.

தேங்காய் எண்ணெயால் வரக்கூடிய கெடுதல் நுரையீரலில். கட்டாயப்படுத்திப் பருக்கும்போது ஒரு சொட்டு மூச்சுக்குழாயில் இறங்கினாலும் நிமோனியா வரலாம். இருமல், வேகமான மூச்சு, காய்ச்சல் எதுவும் இருந்தால் வைத்தியரிடம் எண்ணெய் கொடுத்ததை மறைக்காமல் சொல்லுங்கள்.

வீட்டில் மிச்சம் கிடக்கும் அன்டிபயோட்டிக்கையும் தொடாதீர்கள். இந்த வயதுப் பூனைக்குச் சலத்தில் கிருமி இருப்பது அரிது. இந்தக் கடுப்பு பல பூனைகளுக்கு ஒரு கிழமை, பத்து நாளில் தானாகவே தணியும். மருந்தால்தான் மாறியது என்று நம்பி அடுத்த தடவையும் அதையே கொடுத்துக்கொண்டிருப்போம், காரணம் அப்படியே இருக்கும். குட்டியனுக்கு மூன்று கிழமையாகியும் தணியாததால் சோதிக்காமல் விடக் கூடாது.

வைத்தியரிடம் போகும்போது

திருகோணமலையில் இருப்பவர்களுக்கு இதில் ஒரு சிக்கல் இருக்கிறது. அரச மிருக வைத்திய அலுவலகங்கள் பெரும்பாலும் மாடு, ஆடு, கோழிக்கான வேலைகளைப் பார்ப்பவை. சனி, ஞாயிறு, போயா நாட்களில் பூட்டியிருக்கும். அடைபட்ட பூனைக்கு மயக்கம் கொடுத்து, மிக மெல்லிய சலக்குழாய் போட்டு, சேலைனால் கழுவ வேண்டும். அதற்கான குழாயும் மயக்க மருந்தும் எல்லா இடத்திலும் எந்நேரமும் இருக்காது. அதனால் இன்றைக்கே, பூனை நன்றாக இருக்கும்போதே, இரண்டு தனியார் வைத்தியர்களுக்குத் தொலைபேசியில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்: “கடுவன் பூனைக்குச் சலம் அடைத்தால் குழாய் போடுவீர்களா, இரவிலும் பார்ப்பீர்களா?” இங்கே ஒருவரும் கிடைக்காவிட்டால் பேராதனைப் பல்கலைக்கழக மிருக வைத்திய பீடத்தின் போதனா வைத்தியசாலை இருக்கிறது. ஹபரணை, தம்புள்ளை வழியாக நாலைந்து மணித்தியாலப் பயணம். புறப்படுமுன் அழைத்துப் பேசுங்கள், அப்படிப் போவதென்றால் முதல் அறிகுறியிலேயே புறப்பட வேண்டும். இங்கேயே ஒரு வைத்தியர் ஊசியால் சலப்பையில் இருந்து கொஞ்சம் எடுத்து அழுத்தத்தைக் குறைத்துவிட்டால் பயணத்துக்கு நேரம் கிடைக்கும், அதையும் கேளுங்கள்.

சாக்கில் கட்டிக் கொண்டுபோகாதீர்கள். மூடியுள்ள பிளாஸ்டிக் உடுப்புக் கூடை போதும், அடியில் அவன் படுத்த பழைய துவாயை விரித்து, மூடியைக் கயிற்றால் கட்டுங்கள். இந்தக் கச்சான் காற்றுக் காலத்தில் வெயில் ஏறுமுன் புறப்படுங்கள், ஓட்டோவில் கூடையை வெயில் படாத பக்கம் வையுங்கள். நோவில் இருக்கும் பூனை கடிக்கும். கடித்தால், ஆழமாகப் பிராண்டினால், சவர்க்காரம் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு அன்றே அரச வைத்தியசாலைக்குப் போங்கள். விசர்நாய்க்கடி நோய் பூனை மூலமும் வரும். குட்டியனுக்கு வருடாந்தத் தடுப்பூசி போட்ட அட்டை இருந்தால் கையோடு கொண்டுபோங்கள்.

அடைப்பு இல்லை என்றால் வைத்தியர் சலத்தைச் சோதித்து, தேவைப்பட்டால் எக்ஸ்ரேயும் ஸ்கேனும் எடுப்பார். கல் இருக்கிறதா என்பது அப்போதுதான் தெரியும், கேத்திலைப் பார்த்துச் சொல்ல முடியாது. இருந்தாலும் எல்லாக் கல்லும் ஒன்றல்ல. ஸ்ட்ரூவைற் என்னும் வகை அதற்கென்ற உணவால் கரையும், கல்சியம் ஒட்சலேற் கரையாது. எந்த வகை என்று தெரியாமல் சலக்கல்லுக்கான உணவை வாங்கிப் போடுவதில் காசுதான் போகும். நோவுக்குப் பூனைக்கு உரிய மருந்தைக் கட்டாயம் கேட்டு வாங்குங்கள். நோ குறைந்தால்தான் அவன் மண்ணுக்குத் திரும்பி வருவான்.

அடைப்பு எடுத்த பிறகும் குழாயோடு ஓரிரண்டு நாள், சிலசமயம் மூன்று நாள், சேலைன் ஏற்றி வைத்திருக்க நேரிடும். செலவை முதலிலேயே கேளுங்கள், அதில் வெட்கப்பட எதுவும் இல்லை. கட்டுப்படியாகாது என்றால் அதையும் சொல்லுங்கள், குறைந்த செலவில் என்ன செய்யலாம் என்று வைத்தியரால் யோசிக்க முடியும். குழாய் எடுத்து வீட்டுக்கு வந்த முதல் கிழமைதான் மறுபடி அடைக்கும் ஆபத்து கூடிய காலம். திரும்பத் திரும்ப அடைக்கும் பூனைகளுக்குச் சலவழியை அகலத் திறந்துவிடும் சத்திரசிகிச்சையும் உண்டு, அது கடைசி வழி.

தண்ணீரும் சாப்பாடும்

கிணற்றுத் தண்ணீரை விட்டுவிடுவோம். அதில் இருக்கும் சுண்ணாம்பு எவ்வளவு என்பதைவிட, அவன் மொத்தம் எவ்வளவு தண்ணீர் எடுக்கிறான் என்பதுதான் முக்கியம். சலம் ஐதாக இருந்தால் பளிங்கு படிவதும் குறையும், அழற்சியும் குறையும். சவர்த் தண்ணீரை அவன் மணந்துவிட்டுப் போகிறான் என்றால் மட்டும் குழாய்த் தண்ணீர் வையுங்கள்.

பூனைக்குச் சாப்பாட்டில் இருப்பதையும் சேர்த்துக் கிலோவுக்கு நாளொன்றுக்கு 50 மில்லிலீற்றர் தண்ணீர் வேண்டும். குட்டியனுக்கு 250 மில்லிலீற்றர், ஒரு பெரிய தேத்தண்ணிக் கோப்பை நிறைய. உலர் உணவில் பத்தில் ஒரு பங்குதான் நீர். 60 கிராம் உலர் உணவு தின்றால் அதிலிருந்து ஆறு மில்லிலீற்றர் கிடைக்கும், மிச்சத்தை அவன் குடித்துத் தீர்க்க வேண்டும். பூனைகள் இயல்பாகவே குறைவாகக் குடிப்பவை, அவ்வளவு குடிக்காது. மீன், இறைச்சி, பையில் வரும் ஈர உணவு ஆகியவற்றில் நான்கில் மூன்று பங்கு நீர். உலர் உணவுதான் கட்டுப்படியாகும் என்றால் அதே அளவு வெந்நீர் ஊற்றிக் கால் மணி நேரம் ஊறவைத்துக் கொடுங்கள். இந்தச் சூட்டில் ஊறிய சாப்பாட்டை ஒரு மணி நேரத்துக்கு மேல் வைக்காதீர்கள், புளித்துவிடும். தண்ணீர்க் கோப்பையைச் சாப்பாட்டுக்கும் மண்ணுக்கும் தூரமாக, வீட்டில் மூன்று இடத்தில் வையுங்கள். கோப்பை அகலமாக, மீசை இடிக்காததாக இருக்கட்டும். பிளாஸ்டிக் மணக்கும், பீங்கான் நல்லது.

சூடையை அவித்துக் கொடுக்கிறீர்கள், அது பச்சையாகக் கொடுப்பதைவிட நல்லது. சில மீன்களில் பச்சையாக இருக்கும்போது விற்றமின் பி1 ஐ அழிக்கும் நொதியம் உண்டு, அவித்தால் அது போய்விடும். அவித்த தண்ணீரை ஊற்றிவிடாதீர்கள். பூனையின் கண்ணுக்கும் இதயத்துக்கும் கட்டாயம் வேண்டிய டோரின் அந்தத் தண்ணீரில்தான் கரைந்து போகிறது. டோரின் குறைந்தால் பூனைக்கு இதயத் தசை பலவீனமாகும் என்பது 1987இல் கண்டறியப்பட்டது, அதன் பிறகே நல்ல உணவுகளில் அதைக் கூடச் சேர்க்கத் தொடங்கினார்கள். உப்பு, மிளகாய், வெங்காயம், உள்ளி எதுவும் போடாமல் அவித்து, ஆறவைத்து, முள் எடுத்து, அந்தத் தண்ணீரோடு சேர்த்துப் பிசையுங்கள். வெங்காயமும் உள்ளியும் பூனையின் இரத்தச் செல்களை உடைக்கும்.

ஆனால் தினமும் சூடை, சூரை போன்ற எண்ணெய் மீன் மட்டும் என்றால் விற்றமின் ஈ குறைந்து உடற்கொழுப்பே அழன்றுவிடும், தொட்டாலே நோகும். மீனைக் கிழமையில் இரண்டு மூன்று நாளாக்கி, மற்ற நாட்களில் கோழி இறைச்சி கொடுங்கள், கிழமைக்கு ஒரு மேசைக்கரண்டி ஈரல் போதும். சோறு கோப்பையில் கால் பங்குக்கு மேல் வேண்டாம். நாளின் ஒரு வேளையாவது முழுமையான பூனை உணவாக இருக்கட்டும், வீட்டுச் சாப்பாட்டில் விடுபடும் கல்சியமும் விற்றமின்களும் அதில் கிடைக்கும். கருவாட்டை நிறுத்திவிடுங்கள். பால்மாவும் வேண்டாம், வளர்ந்த பூனைக்குப் பால் செரிக்காது, வயிற்றால் போகும். போகிற நீர் சலத்தைத்தான் இன்னும் தடிக்கவைக்கும்.

இந்த மாற்றங்களை ஏழு, பத்து நாளில் கொஞ்சம் கொஞ்சமாகச் செய்யுங்கள். ‘பசித்தால் தின்பான்’ என்று பிடிவாதமாக இருந்துவிடாதீர்கள். கொழுத்த பூனை இரண்டு மூன்று நாள் தின்னாமல் கிடந்தால் ஈரலில் கொழுப்பு ஏறி அதுவே உயிருக்கு ஆபத்தாகும்.

மண் பேசினும் புதுக் குட்டியும்

பேசினைப் பழைய இடத்துக்கே கொண்டுபோய் வையுங்கள். தோய்க்கும் மெஷின் சுழலத் தொடங்கியபோது அவன் அதில் குந்தியிருந்திருந்தால், அந்த ஒரு தடவையே அவனைத் துரத்தப் போதும். பூனைகள் எத்தனையோ அதைவிட ஒன்று கூட என்பது கணக்கு, இரண்டு பூனைக்கு மூன்று பேசின். மூன்றையும் ஒரே மூலையில் வரிசையாக வைத்தால் பூனைக்கு அது ஒன்றுதான். குட்டி ஒரு வாசலில் நின்று அவனை மறித்தால் இன்னொரு பேசினுக்குப் போகக் கூடியதாகப் பிரித்து வையுங்கள். கடையில் விற்கும் சின்னப் பேசின் அவன் உடம்புக்குப் போதாது. உடுப்பு வைக்கும் இரண்டடி நீளப் பிளாஸ்டிக் பெட்டி ஒன்றின் ஒரு பக்கத்தை ஐந்து அங்குல உயரத்துக்கு வெட்டினால் நல்ல மண் பெட்டி.

கடல் மணல் நம் ஊரில் சும்மா கிடைக்கிறது, பூனைக்கும் அதன் பதம் பிடிக்கும். அப்படியே அள்ளிவந்தால் உப்பு ஈரத்தை இழுத்து நசநசவென்று இருக்கும். நல்ல தண்ணீரில் இரண்டு தடவை அலசி, வெயிலில் காயவைத்து, சல்லடையில் சிப்பித் துண்டுகளை அரித்துவிட்டு மூன்று நான்கு சென்ரிமீற்றர் ஆழத்துக்குப் போடுங்கள். காலையும் மாலையும் நனைந்ததை அள்ள வேண்டும், கிழமைக்கு ஒருமுறை முழுதாக மாற்ற வேண்டும். பெட்டியைக் கழுவச் சவர்க்காரமும் வெயிலும் போதும். லைசோல், டெட்டோல், பினாயில் வேண்டாம். பாதத்தில் ஒட்டினால் நக்கித் தின்பான், பூனைக்கு அவை நஞ்சு. சலத்தின் மேல் குளோரின் ஊற்றினால் உங்களுக்கே மூச்சை அடைக்கும் புகை வரும்.

மெத்தையில் பட்டதை உலர்ந்த துணியால் ஒற்றி எடுத்து, நொதியம் கலந்த உடுப்புத் தூளைக் கரைத்து ஊறவைத்து, கழுவி, நல்ல வெயிலில் போடுங்கள். நம் மூக்குக்கு மணக்காவிட்டாலும் அவனுக்கு மணக்கும், அதனால் இரண்டாம் தடவையும் கழுவுங்கள். ஒரு மாதத்துக்கு மெத்தையின் மேல் றெக்சின் விரித்து, ஆளில்லாத நேரம் அறையைப் பூட்டி வைக்கலாம்.

குட்டியை விரட்ட வேண்டியதில்லை. இருவரையும் ஒரேயடியாக ஒரு வீட்டில் விட்டதுதான் அவசரம். குட்டிக்குத் தனி அறை, தனிப் பேசின், தனிக் கோப்பை. குட்டி படுத்த துணியை அவனிடமும், அவன் துணியைக் குட்டியிடமும் மாற்றி மாற்றிப் போடுங்கள். மூடிய கதவின் இருபுறமும் சாப்பாடு வையுங்கள். சீறாமல் தின்னத் தொடங்கிய பிறகு கதவைக் கொஞ்சம் திறவுங்கள். இரண்டு மூன்று கிழமை எடுக்கும். குட்டியனுக்கு அலுமாரியின் மேலே ஏறிப் படுக்க ஓர் இடமும், ஒளிய ஒரு அட்டைப் பெட்டியும் கொடுங்கள். மாலையில் ஒரு கயிற்று நுனியில் துணியைக் கட்டி இழுத்துப் பத்து நிமிடம் ஓடவிடுங்கள். மகளுக்கு இந்த வேலையைக் கொடுக்கலாம்.

தம்பியிடம் இப்படிச் சொல்லுங்கள். சந்தையடியில் விட்டால் குட்டியன் மீன் தின்று பிழைத்துக்கொள்வான் என்று அவர் நினைக்கிறார். வீட்டுக்குள் வளர்ந்த, கருத்தடை செய்த கடுவன் அங்கே இருக்கும் கடுவன்களோடு அடிபட்டுத் தோற்றுத்தான் போவான். சலம் அடைபடக்கூடிய பூனை அந்த நெருக்கடியில் எந்தப் படகுக்கடியிலோ ஒளிந்து, ஒருவர் கண்ணிலும் படாமல், மூன்று நாள் நோவில் கிடந்து சாகும். இன்னொருவருக்குக் கொடுப்பதும் இப்போதைக்குச் சரியில்லை. வருத்தம் தணியாத பூனையை இன்னொரு புது வீட்டுக்கு அனுப்பினால் அதே காரணம் இரட்டிப்பாகும், வாங்குபவர் கட்டில் நனைந்ததும் தெருவில் விட்டுவிடுவார். ஆறு மாதம் எல்லாம் செய்து பார்த்தும் இரண்டும் ஒத்துப்போகவில்லை என்றால், அப்போது குட்டிக்கு நல்ல இடம் தேடுவது இலகு. வயது குறைந்த பூனை சீக்கிரம் பழகும்.

குட்டிக்கு மூன்று மாதம் ஆனதும் விசர்நாய்க்கடித் தடுப்பூசியும், ஐந்து ஆறு மாதத்தில் கருத்தடையும் செய்துவிடுங்கள். நம் நாட்டு வெயிலில் பெட்டைகள் வருடம் முழுவதும் பருவத்துக்கு வரும், சினைக்காலம் ஒன்பது கிழமைதான். பருவம் வராமல் தடுக்கும் ஊசி மலிவு என்று யாராவது சொன்னால் ஏற்காதீர்கள், கருப்பையில் சீழ் கட்டுவதும் முலையில் கட்டி வருவதும் அதன் பின்விளைவுகள். குட்டியன் குணமானாலும் ஒரு மாதம் கழித்து ஒரு தடவை சலத்தைச் சோதித்துப் பாருங்கள். இந்த வருத்தம் திரும்பி வரக்கூடியது. வெள்ளைத் தாள் போட்ட அந்தப் பேசினை எறிந்துவிடாமல் வைத்திருங்கள்.